அடிபம்புத் தண்ணீரும் ஆறாவது கேள்வியும்

நடந்தது இந்த வரிசையில்தான்:

1. சித்தி ஊரில், அவர்கள் தெருத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய போர் வற்றிப்போனது.
2. அதைச் சரிசெய்யச் சொல்லித் தெருவே சேர்ந்து மனு கொடுத்தது. முதல் கையெழுத்து சித்தியுடையது.
3. மனு எங்கோ கிடந்த காலத்தில், எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கக் கிணறு தோண்டப்போகிறார்கள் என்ற பேச்சு அந்தப் பக்கமெல்லாம் பரவியது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைகளின் ஓரத்தில் சிவப்பு பெயின்ட் அடித்த கற்கள் முளைத்திருந்தன.
4. அந்த வேலையால் என்ன கெடுதல் வரும் என்று சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். போய்ச் சொன்னேன்.
5. மனுவுக்குப் பலன் கிடைத்தது. வற்றிய போரைச் சரிசெய்ய ஒரு வண்டி வந்தது.
6. அந்த வண்டிக்கு முன்னால் தெருவே உட்கார்ந்துகொண்டது. முதல் வரிசையில் சித்தி.
7. எனக்குப் போன் வந்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் என்ன ஆனது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு நான்காவதிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் விழுப்புரத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வேதியியல் படித்தவள். காலையில் போனால் மேசைமேல் பாட்டில்கள் வரிசையாக நிற்கும்: வீட்டுப் போர், ஹாஸ்டல் தொட்டி, கல்யாண மண்டபம், கேன் தண்ணீர் கம்பெனி. உப்பு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு, நைட்ரேட், ஃப்ளோரைடு எவ்வளவு என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. மாலையில் கோலியனூர்ப் பக்கம் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பாறைக் குன்றுகள் பக்கம் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். சித்தப்பா கல் குவாரியில் வேலை செய்கிறார். சித்தி வீட்டு வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். குவாரிக்குப் போகிறவர்களும் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறவர்களும் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். பல வருடம் பிறர் கொல்லைகளில் களை பறித்துவிட்டு, அப்புறம் போட்ட கடை அது. மறுபடி களை பறிக்கப் போக மாட்டேன் என்பது அவளுடைய ஒரே பிடிவாதம்.

கடை நிற்பது அடிபம்பை நம்பி. போர் வற்றிய பிறகு தெருவில் மிச்சமிருந்தது தெருக்கோடியில் இருக்கும் அந்த ஒரு அடிபம்புதான். மாவு அரைக்க, பாத்திரம் கழுவ, வந்தவர்கள் கை கழுவ, எல்லாம் அதிலிருந்துதான். அது கெட்டால் கடை இல்லை. வற்றிய போர் அதற்கு மிக அருகில், ஒரு வீடு தள்ளி இருக்கிறது.

கூட்டம் மாதா கோயில் வாசலில் நடந்தது. பயமுறுத்திப் பேச எனக்கு வராது. பட்டியல் போடத்தான் வரும். அதனால் முதலில் வேலை எப்படி நடக்கும் என்று சொன்னேன். வெகு ஆழத்தில் இருக்கும் பாறைக்குள் எண்ணெயும் வாயுவும் சிக்கியிருக்கும்; கிணறு இறக்கி, தண்ணீரோடு மணலும் ரசாயனங்களும் கலந்து, பெரிய அழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள்; பாறை விரிசல் விடும்; மணல் அந்த விரிசல் மூடிக்கொள்ளாமல் தாங்கிக்கொள்ளும்; வாயு மேலே வரும்; கூடவே உள்ளே போன தண்ணீரில் ஒரு பங்கு, ஆழத்து உப்பையும் உலோகங்களையும் சுமந்துகொண்டு திரும்பி வரும்.

சித்தப்பா கையைத் தூக்கினார்.

"பாப்பா, நாங்க வெடி வெச்சே சில பாறைய ஒண்ணும் பண்ண முடியல. தண்ணிய வெச்சிப் பொளக்கறாங்களா?"

"ஆமா சித்தப்பா. அழுத்தம் குடுத்தா ஒடையும்."

"அப்ப எங்க மொதலாளிகிட்ட சொல்லிடாத. எங்கள வெரட்டிட்டு ஒரு கொடம் தண்ணி வாங்கி வெச்சிக்குவாரு."

சிரிப்பு அடங்கியதும், அப்படிப்பட்ட கிணறுகள் உள்ள தேசங்களில் என்ன சொல்கிறார்கள் என்று சொன்னேன். கிணற்றுத் தண்ணீரில் வாயு கலந்தது, மூச்சுத் தொல்லை, தலைவலி, தோல் அரிப்பு, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் என்று நான் படித்தவற்றில் இருந்தது. இதையெல்லாம் கிணற்றின் தலையில் கட்ட முடியுமா என்ற சண்டையும் கூடவே இருந்தது. தண்ணீரைப் பற்றிய சண்டை பல நேரம் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது: தோண்டுவதற்கு முன்னால் இந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று யாரிடமும் எழுத்தில் இல்லை.

எல்லாவற்றையும் ஆறு கேள்வியாகச் சுருக்கிக் கோயில் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். யாராவது பாறையை உடைக்க வந்தால் இந்த ஆறையும் கேளுங்கள் என்றேன்.

1. தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?
2. அதில் என்ன கலக்கிறீர்கள்?
3. திரும்பி வரும் தண்ணீரை எங்கே விடுவீர்கள்?
4. பக்கத்துக் கிணற்றுக்கு என்ன ஆகும்?
5. புகையும் சத்தமும் யார் வீட்டுப் பக்கம் போகும்?
6. முன்னாடியே தண்ணீரைப் பரிசோதித்து வைத்திருக்கிறீர்களா?

ஆறாவதை எழுத இடம் இல்லாமல் சுவரின் அடியில் எழுதினேன். அந்த உயரத்தில்தான் அந்தத் தெரு ஆடுகள் முதுகைத் தேய்த்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. இரண்டே நாளில் ஆறாவது கேள்வி போய்விட்டது. மேலே இருந்த ஐந்தையும் தெரு மனப்பாடம் செய்துகொண்டது.

போன் வந்தபோது நான் கூடத்தில் இருந்தேன்.

"பாப்பா, நீ சொன்ன வண்டி வந்துட்டுது" என்றாள் சித்தி.

"எந்த வண்டி?"

"தண்ணி வுட்டுப் பாறைய பொளக்கற வண்டி. நாங்க குறுக்க உக்காந்துக்கினு இருக்கறோம். நீ ஒண்ணும் பேஜாரு பட்டுக்காத. சாப்ட்டியா?"

"எண்ணெய்க் கம்பெனி வண்டியா? அவ்ளோ சீக்கிரம் வராதே சித்தி."

"இன்னா கம்பெனியோ. இன்னா பண்ணப் போறீங்கன்னு கேட்டோம். ரப்பர் அடைப்பு ஒண்ண உள்ள எறக்கி, பிரஷரா தண்ணி அடிச்சி, பாறைய கீற வுடுவோம்னு அவரே வாயால சொல்ட்டாரு. அப்பறம் இன்னா வேணும்?"

போன் கைமாறியது. ஆண் குரல்.

"வணக்கம் மேடம். சொவுத்துல அஞ்சு கேள்வி எழுதுனது நீங்கதானா?"

"ஆறு" என்றேன்.

"அஞ்சுதான் இருக்குது. மேடம், நாங்க எண்ணெய் எடுக்க வரல. இந்த வத்துன போரு இருக்குது பாருங்க, அதுல தண்ணி ஊற வைக்க வந்திருக்கறோம். ஒன்றியத்துல இருந்து அனுப்பிச்சது. இவங்க குடுத்த மனுவுக்குத்தான் வந்திருக்கறோம். அந்தம்மா கையெழுத்த அவங்ககிட்டயே காட்னேன்."

பின்னால் சித்தியின் குரல் கேட்டது. "கையெழுத்து என்னுதுதான். யாரு இல்லன்னா? நான் தண்ணி கேட்டன். பாறைய ஒடைன்னா கேட்டன்?"

தெரு எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. கடினப் பாறை உள்ள ஊர்களில் வற்றிய போருக்கு இப்படி ஒரு வைத்தியம் உண்டு. போரின் பக்கத்துப் பாறையில் அடைபட்டுக் கிடக்கும் கீறல்களை அழுத்தத் தண்ணீரால் திறந்துவிட்டால் ஊற்று வரும். ஆழம் குறைவு, வெறும் தண்ணீர், ஒரு பகல் வேலை. எண்ணெய்க் கிணறு வேலையோடு பார்த்தால் இது குழந்தை. ஆனால் இரண்டுக்கும் முறை ஒன்றுதான். நான் சுவரில் எழுதிய ஆறு கேள்விகளும் இதற்கும் பொருந்தும். நான்காவது நன்றாகவே பொருந்தும். பாறைக்குள் எந்தக் கீறல் எதோடு போய்ச் சேரும் என்று மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. அடிபம்பு ஒரு வீடு தள்ளி.

"பக்கத்துல அடிபம்பு இருக்கே, அதுக்கு என்ன ஆகும்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க மேடம். சாதாரணமா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். அந்த 'சாதாரணமா'வ புடிச்சிக்கினு வுட மாட்றாங்க. மத்தியானத்துக்குள்ள ஆரம்பிக்கலன்னா நாங்க அடுத்த ஊருக்குப் போயிடணும். ஊருக்குள்ள இருந்து ஒருத்தரு வந்து, அவங்களுக்கு வாணாம்னா எங்க பக்கம் ஒரு வத்துன போரு இருக்குது, அங்க வுடுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

அது சித்திக்கும் கேட்டிருக்க வேண்டும். ஊருக்குள் தண்ணீர் போன பிறகு தெருவுக்கு வருவது பழைய கதை. தெருவுக்கென்று வந்த வண்டியே ஊருக்குள் போய்விட்டால் அது புதுக் கதை.

சித்தியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, வண்டி போகக் கூடாது. இரண்டு, வேலை ஆரம்பிக்கும் முன் அடிபம்புத் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்தபோது நான் அவள் வீட்டில் விட்டுவிட்டு வந்த பாட்டில்கள் பீரோ மேலே இருந்தன.

"நான் வர நேரமாகும். நீயே நல்லா கழுவிப் புடிச்சி மூடி வெச்சிடு சித்தி."

"அத நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்தக் குரலில் ஏதோ முடிவு இருந்ததை அப்போது கவனிக்கவில்லை.

தெர்மாகோல் பெட்டியோடு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். அந்தப் பெட்டியோடு போனால் வழியெல்லாம் ஒரே கேள்விதான்.

"இன்னாம்மா, மீனா?" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணே. காலிப் பெட்டி. தண்ணி புடிச்சிக்கினு வரப் போறேன்."

அவர் யோசித்தார். "திண்டிவனத்துல இருந்து விழுப்புரத்துக்குத் தண்ணியா? அவ்ளோ நல்ல தண்ணியா அங்க?"

திண்டிவனத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் முட்டி இடிக்க உட்கார்ந்து போய்ச் சேர்ந்தபோது, முற்றுகை நடந்த இடத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் சித்தி கடை பெஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில், வண்டியின் டயருக்கு முன்னால், பெண்கள் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா சித்தி இது?"

"வண்டியத்தான நிறுத்தனோம்? வயித்தயா நிறுத்தனோம்?" என்றாள் சித்தி. "சட்னி போதுமாங்க?"

நான் வருவதற்குள் ஐந்து கேள்வியையும் அவர்கள் முடித்திருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா எனக்கு அறிக்கை கொடுத்தார். வண்டியோடு வந்த டேங்கர் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று கேட்டாயிற்று. அதில் ஒன்றும் கலக்கவில்லை என்று வண்டிக்காரர் சொன்னதால், அவரையே ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். குடித்திருக்கிறார். "வாய்ல வெச்சிக்கினு துப்பிடப் போறாருன்னு ரெண்டாவது டம்ளரும் குடுத்தோம்" என்றார் அக்கா. திரும்பி வரும் தண்ணீரை ஆடு மேய்கிற பக்கம் விடாமல் ஏரிக்குப் போகும் வாய்க்காலில் விடுவதாக ஒப்புக்கொள்ள வைத்திருந்தார்கள். புகை அங்கன்வாடிப் பக்கம் போகிறது என்று சொல்லி வண்டியைத் திருப்பி நிறுத்த வைத்திருந்தார்கள். அந்தச் சந்தில் அந்த வண்டியைத் திருப்புவது லேசான வேலை இல்லை. திருப்பும்போது எதிர்வீட்டு முருங்கைமரக் கிளை ஒன்று போயிருந்தது. கீரையை உருவி அக்கா முறத்தில் வைத்திருந்தார்.

நான்காவதுதான் பாக்கி.

"அதுக்குத்தான் ஆறாவது கேள்வி" என்றேன். "முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் பின்னாடி கெட்டுதா இல்லையான்னு சொல்ல முடியும். அது அவரக் கேக்கற கேள்வி மட்டும் இல்ல. நம்மளயும் கேக்கற கேள்வி."

சித்தி பாட்டிலைக் கொண்டுவந்தாள். பளபளவென்று துடைத்து, மூடிமேல் மஞ்சள் வைக்காத குறையாக இருந்தது. உப்பின் அளவைக் காட்டும் பேனா மாதிரிக் கருவி ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி அதை நனைத்தேன். எண்ணைப் பார்த்தேன். துடைத்துவிட்டு மறுபடி நனைத்தேன். அதே எண்.

அவ்வளவு குறைந்த எண் அந்தப் பக்கத்துப் பாறைத் தண்ணீரில் வராது. எங்கள் கூடத்தில் அந்த எண் ஒரு தண்ணீருக்குத்தான் வரும்.

"சித்தி, இது எங்க புடிச்சது?"

"அடிபம்புலதான்."

"அடிபம்புல இருந்தா?"

"அடிபம்புகிட்டதான் நின்னு ஊத்தனன். அக்காவக் கேளு."

அக்கா முறத்திலிருந்த கீரையை மிகவும் கவனமாகப் பார்த்தார். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "கேன் தண்ணி பாப்பா. புது கேன். இப்பத்தான் மூடிய ஒடைச்சிது உங்க சித்தி."

சித்தி கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமா, கேன் தண்ணிதான். டவுனுக்குப் போற தண்ணி. உங்க ஆபீஸ்ல நாலு பேரு பாப்பாங்க. இவ சித்தி ஊர்ல இதத்தான் குடிக்கறாங்களான்னு உன்னிய ஒரு வார்த்த கேட்டுட்டா? வர்றவங்களுக்குக் குடுக்கற தண்ணியதான் நானும் குடுத்தன்."

அது அந்தத் தெருவின் வழக்கம். எங்கள் தெருவிலும் அப்படித்தான். வீட்டுக்கு அடிபம்பு, வந்தவர்களுக்குக் கேன். நீட்டிய டம்ளரை வாங்கத் தயங்கிய கைகளைப் பார்த்த வீடுகள் இவை. யாரும் தயங்க முடியாத தண்ணீர் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆகிவிட்டது. கூடத்துக்குப் போகிற தண்ணீரும் விருந்தாளியிடம் போகிற தண்ணீர்தானே? அந்தக் கணக்குப்படி சித்தி செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

என் கணக்கை நான் சொன்னேன். இந்தக் கேன் தண்ணீரை 'வேலைக்கு முன்' என்று எழுதிவைத்திருப்பேன். அடுத்த வாரம் நிஜமான அடிபம்புத் தண்ணீரைப் பிடித்து 'வேலைக்குப் பின்' என்று எழுதியிருப்பேன். உப்பு பல மடங்கு ஏறியிருக்கும். வண்டிதான் அடிபம்பைக் கெடுத்தது என்று தெருவே சொல்லியிருக்கும். நானும் கையெழுத்துப் போட்டு அதையே சொல்லியிருப்பேன்.

வண்டிக்காரர் இட்லியை விண்டபடியே நிறுத்திவிட்டார். "யக்கா, என் வேலைக்கே ஒல வெச்சிருப்பீங்களே."

"இன்னும் ரெண்டு வெக்கறேன், சாப்புடுங்க" என்றாள் சித்தி.

பிறகு என்னை அடுப்புப் பக்கம் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நெசமாலுமே அந்தத் தண்ணிய எடுத்துக்கினு போய்ப் பாக்கற. குடிக்க லாயக்கு இல்லன்னு வருதுன்னு வெச்சிக்கோ. அப்ப?"

"வந்தா தெரிஞ்சிக்கலாம் சித்தி."

"தெரிஞ்சிக்கினு? கடைக்கு எவன் வருவான்? நான் மறுபடியும் களைக்கொத்து எடுத்துக்கினு கொல்லைக்குப் போவவா?"

நல்லதாக வரும் என்று சொல்ல முடியாது. பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்பதுதான் என் படிப்பு. "வேணாம்னா எடுக்க வேணாம். ஆனா நாளைக்கு நெஜமாவே யாராவது வந்து கெடுத்தா, உங்க தண்ணி முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிடுவான். அப்ப இந்தக் கேன நம்மளால காட்ட முடியாது" என்றேன்.

சித்தி அடுப்பைப் பார்த்தாள், வெளியே வண்டியைப் பார்த்தாள். பிறகு கேன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சாம்பார் குண்டானில் ஊற்றினாள். "காசு குடுத்து வாங்கனது. கீழயா கொட்ட முடியும்?" என்றாள். காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு அடிபம்பை நோக்கி அவளே நடந்தாள்.

குழாயில் நின்ற தண்ணீர் போய் உள் தண்ணீர் வரும் வரை நன்றாக அடித்துவிட வேண்டும் என்றேன். உடனே தெருவிலிருந்த குடமெல்லாம் வந்துவிட்டது. ஆள் மாற்றி ஆள் அடித்தார்கள். ஒரு சொட்டு கீழே போகவில்லை. சித்தி பாட்டிலை அந்தத் தண்ணீரிலேயே அலசிப் பிடித்தாள். நான் பேனாவை நனைத்தேன். நம்பக்கூடிய எண் வந்தது.

"எவ்ளோ?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

"பாறைத் தண்ணி மாதிரி இருக்குது" என்றேன். மீதியைக் கூடத்தில்தான் சொல்ல முடியும். சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைத்தேன். பெண்கள் டயரை விட்டு எழுந்தார்கள்.

போரிலிருந்த பழைய குழாய்களை உருவினார்கள். ரப்பர் அடைப்பை இறக்கினார்கள். பம்பு உறுமியது. வண்டியின் பக்கவாட்டில் இருந்த அழுத்தமானியின் முள் மெல்ல ஏறியது. தெரு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி முள்ளைப் பார்த்தது, ஒரு பாதி அடிபம்பைச் சுற்றி நின்றது. சித்தப்பா அன்று குவாரிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, அடிபம்புக் குழாயில் காதை வைத்துக்கொண்டிருந்தார். பாறையைப் பற்றி அந்தத் தெருவில் அவருக்குத்தான் முதல் மரியாதை.

முள் ஏறி ஏறிப் போய், சட்டென்று விழுந்தது.

"கீறிடுச்சி" என்றார் வண்டிக்காரர்.

சித்தப்பா காதை எடுத்தார். முகத்தில் ஏமாற்றம். "அவ்ளோதானா? ஒரு சத்தம் இல்ல, ஒரு புழுதி இல்ல. இதுவா பாற ஒடைக்கறது?"

"எல்லாரையும் உன்ன மாதிரி வெடி வெச்சி விசில் ஊதிட்டு ஓடச் சொல்றியா?" என்றாள் சித்தி. ஆனால் அவள் கண் அடிபம்பிலேயே இருந்தது.

இன்னும் ஆழத்தில் இறக்கி இன்னொரு முறை செய்தார்கள். பிறகு காற்றடித்துச் சுத்தம் செய்தபோது, வற்றிய போரிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் எகிறி வாய்க்காலுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் நிறம் வெளுத்தது. யாரோ கைதட்டினார்கள். அந்தச் சமயத்தில் சித்தி அடிபம்பின் பிடியை அழுத்தினாள். செம்மண் கரைத்த மாதிரித் தண்ணீர் வந்தது.

கைதட்டல் நின்றுவிட்டது. சித்தி மறுபடி அழுத்தினாள். அதே நிறம்.

"பாப்பா" என்றாள்.

நான் ஒரு டம்ளரில் பிடித்துத் தெளியவிட்டேன். பேனாவை நனைத்தேன். உப்பு, முன்பு பார்த்ததற்குப் பக்கத்திலேயே இருந்தது. அதாவது கலங்கியிருக்கிறது, அந்த மட்டில் வேறு தண்ணீர் வந்து கலந்ததாகத் தெரியவில்லை. கீழே இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதும் தெரிந்தது. இரண்டையும் அப்படியே சொன்னேன். தெளிய ஓரிரு நாள் ஆகலாம், அதுவரை யாரும் இதைக் குடிக்க வேண்டாம், பிறகு வந்து மறுபடி பிடிக்கிறேன் என்றேன். வண்டிக்காரர், "சாதாரணமா தெளிஞ்சிடும்" என்று சொல்ல வாயெடுத்து, "தெளிஞ்சிடும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் சித்தி கேன் தண்ணீரில் இட்லி அவித்தாள். போனில் என்னிடம், "இட்லி வெள்ள வெளேர்னு வருது, வெவரம் தெரியாம துன்னுட்டு நல்லாருக்குதுன்றானுங்க, வயித்தெரிச்சலா இருக்குது" என்றாள். மூன்றாம் நாள் காலையில் அடிபம்பு தெளிந்தது. அன்று மாலையே போய்ப் பிடித்து வந்தேன்.

இரண்டு பாட்டிலையும் நானேதான் பார்த்தேன். முன்னும் பின்னும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முன்னேயே அது முழுக்க நல்ல தண்ணீர் இல்லை. கடினத்தன்மை அதிகம். நைட்ரேட் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கக்கூஸ் குழிகள் அருகில் இருப்பதால் இருக்கலாம். பெரியவர்கள் குடிக்கலாம், கைக்குழந்தைகளுக்கு வேறு தண்ணீர் கொடுப்பது நல்லது என்று எழுதினேன். சித்தி கடையை நினைத்து ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. அவளிடம் அதைப் படித்துக் காட்டியபோது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படித்தேன்.

அவள் முழுதும் கேட்டாள். "லாயக்கு இல்லன்னு எங்கயும் போடல இல்ல?"

"போடல."

"குடிக்கலாம்னு போட்ருக்குதா?"

"பெரியவங்க குடிக்கலாம்னு போட்ருக்குது."

"அத பெருசா எழுதிக் குடு."

நான் முழுவதையும் பெரிதாக எழுதித்தான் கொடுத்தேன், கைக்குழந்தை வரியோடு. பிளாஸ்டிக் உறை போட்டு, இட்லி விலைப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். யாராவது படித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினால், "எங்க தண்ணி இன்னான்னு எங்களுக்குத் தெரியும். ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கற கடையில இன்னா தண்ணின்னு கேட்டுட்டு வாங்க பாப்போம்" என்கிறாளாம். எதிர்க் கடைக்காரர் போன மாதம் ஒரு பாட்டிலோடு விழுப்புரம் வந்து எங்கள் கூடத்தில் நின்றார்.

இப்போது தெரு, எண்ணெய்க் கிணறு வந்தாலும் வராவிட்டாலும், சுற்றியிருக்கிற எல்லாக் கிணற்றுக்கும் முன்பரிசோதனை செய்துவைப்பது என்று முடிவெடுத்திருக்கிறது. கொல்லைக் கிணறு, வீட்டுப் போர், ஊருக்குள் இருக்கும் போர்களும் சேர்த்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தியும் பாட்டில்களோடு ஊருக்குள் போனோம். மாடி வீடு ஒன்றில் வீட்டுக்கார அம்மா உள்ளே போய் வெகு சீக்கிரம் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். மோட்டார் போட்ட சத்தமே கேட்கவில்லை. நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். சித்திக்குப் பேனா தேவைப்படவில்லை. கேன் தண்ணீரை நீட்டுகிறவர்களின் முகம் அவளுக்குத் தெரியும்.

"யம்மா, வர்றவங்களுக்குக் குடுக்கறத குடுக்காதீங்க" என்றாள். "நீங்க குடிக்கறத குடுங்க."

அந்த அம்மா ஒரு நிமிடம் சித்தியைப் பார்த்தார்கள். பிறகு சிரித்துக்கொண்டே பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டு மோட்டார் சுவிட்சைப் போடப் போனார்கள்.

இன்றைய நிலை இது. வற்றிய போரில் தண்ணீர் இருக்கிறது. எதிர்பார்த்த அளவு இல்லை. காலையில் தொட்டி ஒரு முறை நிறைகிறது. அடிபம்பை விடக் கொஞ்சம் உப்பு, அதனால் துவைக்கவும் கழுவவும் பயன்படுத்துகிறார்கள். அடிபம்பு முன்பிருந்தபடி இருக்கிறது. மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் நான் போய்ப் பிடித்து வருகிறேன். சித்தி கடை நடக்கிறது. சிவப்பு பெயின்ட் கற்கள் கொல்லை ஓரத்தில் அப்படியே நிற்கின்றன. எதற்காக நட்டார்கள் என்று இதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எண்ணெய் எடுக்க யாரும் வரவில்லை. ஆறாவது கேள்வியை இப்போது சுவரின் மேல்பக்கம், ஆடு எட்டாத உயரத்தில், பெயின்டால் எழுதியிருக்கிறார்கள்.